இரண்டு மலைக்கு நடுவே என்ன இருக்கு?

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்து ஐப்பசி முடியறதுக்குள்ள ஒரு செய்தி வந்துடும். ‘பட்டாம்பூச்சிகள் படையெடுப்பு’ என்பது மாதிரி ஒரு தலைப்பு. கூடவே ஒரு படம்: ஏதோ ஒரு காய்ந்த செடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீல நிறப் பூச்சிகள். கீழே இரண்டு பத்தி. கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆயிரக்கணக்கில் போகின்றன, பொதுமக்கள் கண்டு மகிழ்ந்தனர், அவ்வளவுதான். போன தடவை நண்பர் ஒருவர் இப்படி ஒரு செய்தியை அனுப்பி, “உங்க ஊர் வழியாதானே போவும், நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டிருந்தார்.

நான் இருப்பது ஆம்பூர். தெற்கே ஜவ்வாது மலை, தென்மேற்கே தள்ளி ஏலகிரி, வடக்கே ஆந்திர எல்லைக் காடு, நடுவில் பாலாறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிற ஊர். ஆனால் ஆம்பூர் என்றால் யாருக்கும் வண்ணத்துப்பூச்சி ஞாபகத்துக்கு வராது. பிரியாணி வரும், ஷூ வரும், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு டேனரிக் கழிவு வரும். வண்ணத்துப்பூச்சி வலசை பற்றி நான் படித்தவற்றில் ஏற்காடு இருக்கு, கொல்லிமலை இருக்கு, பச்சைமலை, கல்வராயன் இருக்கு. அங்கிருந்து ஒரு அம்புக்குறி புறப்பட்டு நேராக நீலகிரிக்கோ ஆனைமலைக்கோ போகும். அம்புக்குறிக்கு அடியில் இருக்கிற நிலம் வெறும் காகிதமாக இருக்கும்.

இந்த வெறும் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வலசை பற்றிய நம் எழுத்துகள், செய்தியும் சரி கையேடும் சரி, பூச்சி பறக்கிறதைப் பார்க்கின்றன; அது தின்கிறதைப் பார்ப்பதில்லை என்பது என் குற்றச்சாட்டு. பறக்கிறதை மட்டும் பார்த்தால் சமவெளி என்பது கடந்து போகிற இடம். தின்கிறதைப் பார்த்தால் சமவெளிதான் சமையலறை.

தெரிந்த கதை

முதலில் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் கூட்டமாக வலசை போகிறவற்றில் முக்கியமானவை நான்கு: நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், அதன் உறவுக்காரரான டபுள் பிராண்டட் குரோ. நான்கும் ஒரே துணைக்குடும்பம். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில் கொட்டத் தொடங்குவதற்கு முன்னால் கிழக்கே சமவெளிக்கும் குன்றுகளுக்கும் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை இங்கே பிடிப்பதை ஒட்டி மறுபடி மேற்கே திரும்புகின்றன. சில நூறு கிலோமீட்டர் பயணம். கிருஷ்ணமேக் குண்டே 2005-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு நல்ல அடித்தளம். எந்தெந்த இனம் கலந்து போகிறது, ஆண் பெண் விகிதம் என்ன, எந்தத் திசை என்று பொறுமையாகக் கணக்கெடுத்த வேலை அது. அதற்கு முன்னால் சி.பி. வில்லியம்ஸ் 1930-இல் உலகம் முழுவதும் கிடைத்த வலசைப் பதிவுகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார்.

இப்படிப்பட்ட பழைய பதிவுகளுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. பார்க்க ஆள் இருந்த இடத்தில்தான் பூச்சி பறந்திருக்கும். தோட்டத் துரை, வன அதிகாரி, கோடைக்கு மலையேறிய ராணுவ அதிகாரி இவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேதான் வலசை. இலங்கையில் வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று ஒரு நம்பிக்கை உண்டு. சிங்களத்தில் அந்த மலைக்கே வண்ணத்துப்பூச்சியின் பெயர்தான். அழகான நம்பிக்கை. ஆனால் அதிலும் மலைதான் முக்கியம், வழி முக்கியம் இல்லை. இன்றைக்குக் கேமராவோடு ஏற்காடு போகிற நாமும் அதே பழக்கத்தைத்தான் தொடர்கிறோம். வேலூர் வெயிலில், ஒரு புறம்போக்கு மேட்டில், டேனரி வாசனையோடு நின்று பூச்சி எண்ணுகிறவர்கள் குறைவு.

‘படையெடுப்பு’ என்ற சொல்லையும் விடக்கூடாது. படையெடுப்பு என்றால் வெளியாள் உள்ளே வருகிறான், நாம் உள்ளூர்க்காரன் என்று அர்த்தம். தமிழில் வலசை என்ற சொல் பறவைக்கு மட்டும் உரியதில்லை. பஞ்சத்துக்கும் போருக்கும் பயந்து ஊரோடு கிளம்பிப் போன மனுஷர்களுக்கும் அதே சொல்தான். தென்காசிப் பக்கம் கணக்கப்பிள்ளைவலசை என்று ஊர்ப்பெயராகவே இருக்கு. வலசை போகிறவனுக்கு வழியில் தண்ணீரும் சோறும் வேணும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிற செய்தி. படையெடுப்பு என்று எழுதும்போது அது தொலைந்துவிடுகிறது.

கையேட்டின் ஒரு வரி

வண்ணத்துப்பூச்சிக் கையேடுகள் என்னிடம் சில உண்டு. விண்டர்-பிளைத் 1957-இல் எழுதியது, குண்டே 2000-இல் எழுதிய தீபகற்ப இந்தியா பற்றியது, ஐசக் கெஹிம்கர் 2008-இல் எழுதியது. மூன்றுக்கும் நான் கடன்பட்டவன். இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு நீல வரியனுக்கும் கருநீல வரியனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனாலும் கையேடு என்ற வடிவத்தின் மேலே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இறக்கையின் விளிம்பில் எத்தனை புள்ளி என்பதற்குப் பல வரிகள் போகும். புழு எந்தச் செடியைத் தின்னும் என்பதற்குச் செடிப் பெயர்களை அடுக்கிய ஒரு வரி. அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும்.

அந்த வரியில் நின்று பாருங்கள். நீல வரியனின் புழுவுக்குக் கொடிப்பாலை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, ஆலமர வகைகள், அப்புறம் நாம சர்பத் போடுகிற நன்னாரி. வெந்தய வரியனுக்கு எருக்கு. எல்லாமே வேலியிலும் ஏரிக்கரையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் தானாக முளைக்கிறவை. யாரும் நட்டு வளர்ப்பதில்லை, யாரும் கணக்கில் வைப்பதும் இல்லை.

வளர்ந்த பூச்சிக்கும் தேன் மட்டும் போதாது. வரியன், கருப்பன் ஆண்கள் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கச் சில ஆல்கலாய்டுகள் தேவை. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் அது உண்டு. காய்ந்து வதங்கிய தண்டைக் காலால் கீறி, கசிவதை உறிஞ்சும். செய்திப் படத்தில் காய்ந்த செடியில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். ‘ஓய்வெடுக்கும் பட்டாம்பூச்சிகள்’ என்று கீழே எழுதிவிடுகிறார்கள். நெல் நடுவதற்கு முன்னால் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிற சணப்பும் ஒரு கிலுகிலுப்பைதான். ஆக, ஒரு விவசாயி சணப்பு போடுகிறாரா, யூரியா மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறாரா என்பதுகூட வலசையோடு சம்பந்தப்பட்ட சமாசாரம்.

ஆவாரை

இப்போது என் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

கூட்டமாக இடம்பெயர்கிற இன்னொரு குழு உண்டு. ஆங்கிலத்தில் பெயரே எமிகிரன்ட், அதாவது வலசைக்காரர்கள். வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும் கலந்த வெள்ளை. நிற்காமல், ஒரே திசையில், அவசரமாகப் போகும். இவற்றில் ஒன்று கொன்னை வெள்ளையன். பெயரே சொல்கிற மாதிரி சரக்கொன்றைதான் அதன் புழுவுக்கு உணவு. இன்னொன்று மாட்டில்டு எமிகிரன்ட். அதன் புழு தின்கிற செடிகளில் ஒன்று ஆவாரை.

கையேட்டில் இது சென்னா ஆரிகுலேட்டா என்ற தாவரவியல் பெயராக மட்டும் இருக்கும். அதே செடிக்கு ஆங்கிலத்தில் ஒரு புழக்கப் பெயர் உண்டு: டேனர்ஸ் காசியா. தோல் பதனிடுகிறவனின் காசியா.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குரோமியம் வருவதற்கு முன்னால் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் ஆவாரம்பட்டையில்தான் ஓடின. ஈஸ்ட் இண்டியா கிப்ஸ் என்ற பெயரில் மதராஸிலிருந்து கப்பலேறிய அரைப்பதத் தோல் முழுக்க ஆவாரம்பட்டையின் துவர்ப்பில் ஊறியது. தோலைச் சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் கொடுப்பார்கள். ஆவாரை கிடைக்காத இடத்தில் கொன்னம்பட்டை, அதாவது கொன்றையின் பட்டை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஆவாரை, கொன்றை. தோல் தொழிலின் இரண்டு பட்டைகளும் எமிகிரன்ட் பூச்சிகளின் இரண்டு இலைகளும் ஒன்றே. ஒரே செடியின் தோலை மனுஷன் எடுத்தான், இலையைப் புழு எடுத்தது. வலசை பற்றி எழுதுகிறவர்கள் தோல் தொழிலைப் பார்ப்பதில்லை, தோல் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் புழுவைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த இரண்டு வரியும் ஒரே பக்கத்தில் வருவதே இல்லை.

சின்ன வயசில் பட்டைக்குப் போன ஒரு ஆயாவை எனக்குத் தெரியும். ஜவ்வாது மலையடிவாரத்து ஊர். ஆவாரங்கிளையை வெட்டி, கட்டையால் தட்டிப் பட்டையை உரித்து, காயவைத்து, தலைச்சுமையாக மண்டிக்குக் கொண்டுவருவார்களாம். “வேரோட புடுங்குவீங்களா ஆயா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “வேரோட புடுங்கினா அடுத்த வருசம் பட்டைக்கு எங்க கண்ணு போறது? இடுப்பளவு விட்டுட்டு வெட்டுவோம். ஒரு மழைக்கு குபுகுபுன்னு தளிர் வந்துடும்.” பூச்சி உட்காருமா என்று கேட்டதற்கு, “தளிர்லதான் புழு வரும், பச்சைப் புழு, கண்ணுக்கே தெரியாது” என்றார்.

கையேடு சொல்வதும் அதையேதான். எமிகிரன்ட் பூச்சிகள் முட்டையை இளந்தளிரில் ஒவ்வொன்றாக, நட்டு வைத்த மாதிரி வைக்கும். புழு இலையின் நடுநரம்போடு ஒட்டிப் படுத்தால் இலையே மாதிரி இருக்கும். வெட்டி வெட்டித் துளிர்க்கவிட்ட ஒரு புதர், வெட்டாமல் முற்றிப்போன புதரைவிடப் பூச்சிக்கு உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ‘மனுஷன் தொட்டால் இயற்கை கெட்டது’ என்ற எளிய கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு செடி விலை பெறுகிற வரைக்கும் அதன் வேர் பத்திரமாக இருந்தது. விலை போனதும்தான் அது வெறும் புதர் ஆயிற்று.

குரோமியம் வந்த பிறகு

சென்னை ஓவியப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-லேயே குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் பட்டைத் தொட்டிகள் ரொம்ப காலம் நீடித்தன. ஆவாரை போதாமல் வாட்டில் என்ற கருவேல வகையின் பட்டை ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அதை இங்கேயே வளர்க்கலாம் என்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியில் வாட்டில் நட்டார்கள். இன்றைக்கு அந்த வாட்டில்தான் சோலைப் புல்வெளியை மூடிக்கொண்டிருக்கிற அந்நிய மரம். அதை அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரைக்கும் விஷயம் போயிருக்கு. வலசையின் மேற்கு முனையிலும் தோல் தொழிலின் கை இருக்கு என்பதைக் கவனியுங்கள். அம்புக்குறியின் இரண்டு முனையிலும் ஒரே தொழிலின் தடம்.

1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பு என்பது கொள்கை. வேலைவாய்ப்பு கூடியது, ஊர் வளர்ந்தது. இதை மறைத்துப் பேசக்கூடாது, என்னைச் சுற்றி இருக்கிற பல குடும்பங்களின் சோறு அது. ஆனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது குரோம்தான். வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் ஒன்றிரண்டு நாளில் பதமானது. பட்டைக்குப் போன பெண்களின் வேலை போனது. பாலாறு என்ன ஆனது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அந்தக் கதை 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாக வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் படிக்கிற தீர்ப்புகளில் ஒன்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே விலை தரவேண்டும் என்ற கோட்பாடு இரண்டையும் நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. 900-க்கும் மேற்பட்ட டேனரிகள், முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் என்று அதில் எண்கள் வரும்.

அந்தத் தீர்ப்பை மதிக்கிறவன்தான் நான். ஆனால் அந்த எண்ணை மறுபடி படியுங்கள்: சாகுபடிக்கு உதவாமல் போன நிலம். கிணறு கணக்கில் வந்தது, வயல் கணக்கில் வந்தது. ஆவாரை வளர்ந்த மேடு என்றைக்குமே சாகுபடி நிலம் இல்லை. புறம்போக்கு, மேய்ச்சல் தரை, பாறைச் சரிவு, ரயில் ரோட்டு ஓரம். கெட்டுப்போனால் நஷ்டம் கேட்க அதற்குப் பட்டாதாரர் கிடையாது. சட்டத்தின் கணக்கிலும் இந்த நிலம் வெறும் காகிதம்தான், அம்புக்குறி வரைபடத்தில் இருக்கிற மாதிரியே.

ஆவாரை முரட்டுச் செடி. மண் மோசமாக இருந்தாலும் நிற்கும், வறட்சியிலும் பூக்கும். அதை இப்போது அழிப்பது ஜேசிபி. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி மனைப்பிரிவுக் கல் நடுகிறதுக்கு முன்னால் முதல் வேலை ‘கிளீன்’ பண்றது. ஒரு காலைப்பொழுதில் மேடு சமமாகிவிடும். ஆயா இடுப்பளவு விட்டுவிட்டு வெட்டினார். ஜேசிபிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மிச்சம் விட்ட இடத்தில் சீமைக்கருவேலம். ஆவாரை பூத்திருந்தால் ஊரில் சாவு வராது என்று பெரியவங்க சொல்வாங்க. சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூ டீ பாக்கெட் ஆன்லைனில் வாங்குகிறோம், மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்துக்கு ஆவாரம்பூ தேடி அலைகிறோம், வீட்டுக்கு எதிரே இருந்த புதரை மட்டும் ‘பூச்சி பொட்டு வரும்’ என்று வெட்டச் சொல்கிறோம்.

பூங்கா போதுமா?

பாதுகாப்பு என்று வரும்போது நம் கற்பனை உடனே பூங்காவுக்குப் போகும். எந்த ஊரிலும் ஒரு ‘பட்டாம்பூச்சிப் பூங்கா’ கேட்டால் கிடைத்துவிடும்: இட்லிப்பூச் செடி, பென்டாஸ், சிமெண்டில் செய்த பெரிய பூச்சி பொம்மை, செல்ஃபி எடுக்க இரண்டு இறக்கை. தேன் இருப்பதால் பூச்சி வரும். முட்டை வைக்க இடம் இல்லாததால் போய்விடும். கல்யாணப் பந்தலில் சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. திருவரங்கத்தில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்த விஷயத்தில் விதிவிலக்கு, புழுவுக்கான செடிகளையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நல்ல பூங்காவுக்கும் ஒரு எல்லை உண்டு. வலசை என்பது சில நூறு கிலோமீட்டர் நீளமுள்ள விஷயம். வேலி போட்ட இடத்தில் அதைக் காப்பாற்ற முடியாது.

மாநில வண்ணத்துப்பூச்சி விஷயத்திலும் இதே சாய்வுதான். 2019-இல் தமிழ் மறவனை அறிவித்தார்கள். நல்ல பெயர், அழகான ஆரஞ்சு நிறம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது முக்கியமாக மலைக்காட்டுப் பூச்சி. வாணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் மாநிலப் பூச்சியைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்க முடியும். தன் பள்ளிக்கூட வேலியில் தினமும் பறக்கிற எமிகிரன்டுக்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு தமிழ்ப் பெயர்கூட இருக்காது.

சர்வதேச அளவிலும் பாருங்கள். வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. அதன் 13-ஆவது மாநாட்டை 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நாமே நடத்தினோம். அதன் பட்டியலில் வட அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சி உண்டு. நம்ம நீல வரியன் கிடையாது.

மோனார்க் சொல்லிக்கொடுத்தது

மோனார்க் பற்றிச் சொன்னால், அதன் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. அது குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது 1975-இல்தான் வெளியுலக ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்தது. மெக்சிகோ மலையில் ஊசியிலை மரம் முழுக்கப் பூச்சி அப்பியிருக்கிற அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். 1986-இல் அந்தக் காட்டைக் காப்பகமாக்கினார்கள், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மலை முனை பத்திரம். ஆனாலும் எண்ணிக்கை சரிந்தது. காரணம் தேடியபோது அமெரிக்காவின் மக்காச்சோள வயல் வந்தது. களைக்கொல்லிக்குச் சாகாத பயிர் வந்த பிறகு வயலில் களையாக நின்ற மில்க்வீட் அழிந்தது. 1999-இலிருந்து 2010 வரைக்கும் மத்திய மேற்குப் பகுதியில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்தது என்று ப்ளெசன்ட்ஸ், ஓபர்ஹவுசர் இருவரும் 2013-இல் கணக்குக் காட்டினார்கள். காட்டில் வெட்டுவதும் பருவநிலையும் மற்ற காரணங்களாகப் பேசப்படுகின்றன. ஆனால் வழியில் நின்ற ஒரு களைச்செடியை யாரும் பூச்சியின் வீடாகப் பார்க்கவில்லை என்பது அந்த விவாதம் எல்லாருக்கும் உணர்த்திய விஷயம்.

மில்க்வீடும் நம்ம எருக்கும் கொடிப்பாலையும் ஒரே குடும்பம். நம் மேட்டில் நிற்கிற செடிகளுக்கும் அதே விதிதான்: களை, புதர், கிளீன் பண்ணவேண்டியது.

ஒரு மறுப்பு

இதைப் படிக்கிற பூச்சி நண்பர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். எமிகிரன்டும் வெண்புள்ளிக் கருப்பனும் அழிவில் இருக்கிற பூச்சிகளா? இல்லை. தெருவுக்குத் தெரு இருக்கிறவை. அரிதான மலைப் பூச்சிக்குச் செலவழிக்க வேண்டிய கவனத்தை இதற்கு ஏன் கொடுக்கணும்?

என் பதில்: வலசை என்பது இனத்தைப் பற்றியது இல்லை, கூட்டத்தைப் பற்றியது. ஒரு இனம் பத்து பூங்காவில் பத்திரமாக இருந்துகொண்டே வலசை நின்றுபோகலாம். 2022-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது மோனார்க் இனத்தை அல்ல. வலசை போகிற மோனார்க்கை. அந்த வித்தியாசம் முக்கியமானது. சாதாரணமாக இருப்பதுதான் வலசையின் மூலதனம். எருக்கும் ஆவாரையும் சாதாரணமாக இருக்கிற வரைக்கும்தான் அதைத் தின்கிறதும் சாதாரணமாக இருக்கும். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலிருந்து அட்டவணையில் இனங்களின் பெயரை எழுதிக் காப்பாற்றுகிறது. ஒரு பயணத்தை எழுதி வைக்க அதில் இடம் கிடையாது. அதை ஊர்தான் செய்யணும்.

ஊர் செய்வது என்றால் பெரிய திட்டம் எதையும் நான் சொல்லவில்லை. ஏரிக்கரையையும் புறம்போக்கு மேட்டையும் சுத்தம் பண்ணுகிறோம் என்று ஆவாரை, எருக்கு, கொடிப்பாலையை வேரோடு எடுக்காமல் இருக்கலாம். வெட்டித்தான் ஆகணும் என்றால் ஆயா மாதிரி இடுப்பளவு விட்டு வெட்டலாம். டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் சுற்றுச்சுவருக்குள் புல்தரை போட்டுத் தண்ணி ஊற்றுகிற இடத்தில் ஒரு பகுதியை ஆவாரைக்கு விடலாம். தன்னை வளர்த்த செடிக்கு ஒரு தொழில் செய்கிற மரியாதை அது. ‘பட்டை டேன்’ தோலுக்கு வெளிநாட்டில் மறுபடி விலை வருது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையாகவே பெருகினால், ஆவாரை மறுபடி காசு பெறும் செடியாகலாம். அப்போது வேர் பிழைக்கும்படி வெட்டுகிற பழைய ஒழுங்கும் கூடவே திரும்பணும்.

பார்க்கிறவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். படம் எடுப்பதோடு சேர்த்து, பூச்சி எந்தத் திசையில் போனது, எந்தச் செடியில் உட்கார்ந்தது, முட்டை வைத்ததா என்று மூன்று வரி எழுதுங்கள். தேதி போடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். ஏற்காட்டில் ஐநூறாவது படத்தைவிட, மாதனூரிலோ மேல்விஷாரத்திலோ ஒரு முதல் குறிப்பு அதிகம் உபயோகப்படும்.

நண்பரின் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. பாத்தேங்க. நீங்க அனுப்பின படத்தில் இருந்த மாதிரி கூட்டமா இல்லை. காலை பத்து மணிக்கு மேல, ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில், ஒவ்வொண்ணா, மேற்கே பார்த்து, நின்று பேச நேரம் இல்லாத ஆட்கள் மாதிரி போய்க்கிட்டே இருந்தது. ஒரு எமிகிரன்ட் மட்டும் இறங்கி, ஆவாரந்தளிரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது. அந்த மேட்டின் நாலு மூலையிலும் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கு.